தாத்தா சதாபிஷேகம் (குடும்பக் குழு)

சுதா சித்தி: ஞாயிறு காலை 9 மணிதானே? இங்கே நியூஜெர்சியில் சனி ராத்திரி 11.30. வீடியோ கால் நிச்சயதார்த்தம் மாதிரி ஆகிவிடாதே? மாப்பிள்ளை மோதிரத்தைக் கையில் வைத்தபடியே உறைந்து நின்றார். படம் அசைந்தபோது பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா: இன்டர்நெட் பிளானை 30-இல் இருந்து 100 ஆக்கச் சொல்லிவிட்டேன்.

கார்த்தி: வேகத்தில் குறை இல்லை பெரியப்பா. நேற்று அங்கே பிங் போட்டு, ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். சும்மா இருக்கும்போது 18 மில்லி செகண்ட். ஒரு பெரிய வீடியோவை ஏற்றியதும் 400-ஐத் தாண்டிவிட்டது. நெட் கம்பெனிப் பெட்டிக்குள் பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், நிற்க இடம் அதிகம். எதையும் விடாமல் வரிசையில் நிறுத்திக்கொண்டே போகிறது. பஃபர்புளோட் என்பார்கள்.

மணி மாமா: தமிழில் சொல்

கார்த்தி: ரேஷன் கடை மாமா. முன்னால் நிற்பவர் ஏழு வீட்டு கார்டோடு வந்திருக்கிறார். உங்களுக்கு ஒரு கிலோ சர்க்கரைதான் வேண்டும்.

மணி மாமா: ஏழு கார்டு யாருடையது?

செல்வி அத்தை: என்னைத்தான் சொல்கிறான். போட்டோ தானாக மேலே போகிறது, நான் என்ன செய்ய

சுதா சித்தி: என் வளைகாப்பு போட்டோ மட்டும் 2019-இல் இருந்து வரவில்லை அண்ணி

மணி மாமா: ஆரம்பம்

கார்த்தி: 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்று ஒரு வழி சொன்னார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காது, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 100 மில்லி செகண்ட் ஆகியும் காத்திருப்பு 5-க்குக் கீழே இறங்காவிட்டால் ஒன்றைத் தூக்கிப் போடும். அனுப்புகிற பக்கம் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும்.

மணி மாமா: தாலி கட்டும்போது தூக்கிப் போடுமா??

பெரியப்பா: வடை ஆளுக்கு ஒன்றா இரண்டா? சமையல்காரர் கேட்கிறார்.

செல்வி அத்தை: இரண்டு. போன தடவை சம்பந்தி வீட்டில் குறை சொன்னார்கள்

கார்த்தி: என் பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற ரவுட்டர் மென்பொருள் இருக்கிறது. அதில் வரிசையைக் கவனிக்கும் எஸ்க்யூஎம் வசதியைப் போட்டு, அப்லோடு வேகம் 27 வந்தால் 24 என்று கொடுத்தால் போதும். வரிசை கம்பெனிப் பெட்டியில் சேராது, நம் பெட்டியில்தான் நிற்கும். அங்கே கோடெல் பார்த்துக்கொள்ளும்.

பெரியப்பா: யாரும் பெட்டியைத் தொட வேண்டாம். போன முறை நீ தொட்டு அம்மாவுக்கு மூன்று நாள் சீரியல் இல்லை.

கார்த்தி: அது கேபிள்காரர் பெரியப்பா

சுதா சித்தி: கடைசியில் என்னதான் முடிவு?

செல்வி அத்தை: அன்றைக்கு என் போனில் வைஃபையை அணைத்துவிடுகிறேன், போதுமா

மணி மாமா: எழுதிக் கொடு

பெரியப்பா: 100-க்குப் பணம் கட்டியாச்சு. சனி சாயங்காலம் வா, பார்க்கலாம். வரும்போது இலை நான்கு கட்டு.

மணி மாமா: நுனி இலை