புதுப்பிப்பு: லாரியின் இசிஎம்மை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) மாற்றிவிட்டோம்

இன்ஜின் சூடேறியதும் என் டீசல் லாரி ஓட்டத்திலேயே அணைந்துவிடுகிறது என்றும், அப்போது பழுதறியும் ஸ்கேனரும் இசிஎம்முடன் தொடர்பு கொள்வதில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். இசிஎம்மின் மீது பழி போடும் முன், பேட்டரியையும் எர்த் இணைப்புகளையும் சோதித்தோம். வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் கேன் (CAN) வயர்களுக்கு இடையே, இரு முனைகளின் 120 ஓம் மின்தடைகள் சேர்ந்து காட்ட வேண்டிய 60 ஓம் சரியாகவே இருந்தது. ஆனால் சென்சார்களுக்குச் செல்லும் 5 வோல்ட், சென்சார் வயரிங் பிளக்கை மட்டும் இசிஎம்மிலிருந்து கழற்றி, இசிஎம்மின் பின்னில் (pin) நேரடியாக அளந்தபோதும், சூட்டில் சரிந்தது. பழுது வயரிங்கில் அல்ல, இசிஎம்முக்குள்தான் என்பதற்கு எனக்கு அதுவே போதுமான சான்றாக இருந்தது.

புதிய இசிஎம்மில் வண்டிக்குரிய மென்பொருளை ஏற்றிய பின், டீசலைப் பீச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் பொறித்துள்ள, அதன் பீச்சும் அளவைத் திருத்த உதவும் குறியீட்டை அந்தந்த சிலிண்டருக்குப் பதிவு செய்தோம். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது. விட்டால் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது) இன்ஜின் சீராக ஓடாமல் போகலாம். மூன்று வாரமாக முழுச் சுமையுடன் ஓடியும் வண்டி ஒருமுறைகூட அணையவில்லை.