புதுப்பிப்பு: எம்ஜிபி இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், சூடான காற்றுப் பிரச்சினை தீர்ந்தது

என் 1968 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், எஸ்யூ நிறுவனத்தின் இரண்டு கார்புரேட்டர் உள்ளது) வெயில் நாளில் டிராஃபிக்கில் நின்று கிளம்பும்போது இழுக்காமல் திணறுகிறது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குக் குளிர்ந்த காற்றை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இந்த எஞ்சினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியேறுவதும் ஒரே பக்கம், கார்புரேட்டர்களுக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது. அதனால் முதலில் இரண்டுக்கும் நடுவே உள்ள வெப்பக் கவசத்தைக் கழற்றிப் பாருங்கள் என்ற யோசனைதான் வேலை செய்தது. காப்புத் தாள் உதிர்ந்து வெறும் தகடுதான் மிச்சம் இருந்தது (பழைய தாளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சுரண்டாதீர்கள்). புதுசு போட்டதும் திணறல் போய்விட்டது.

அப்புறம் கிரில்லிலிருந்து வளையும் குழாய் ஒன்றை ஃபில்டர்கள் வரை இழுத்தேன். ஃபில்டர் வாயில் 55 டிகிரி இருந்தது 35 ஆனது, அதாவது காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் கூடுதல்.

எதிர்பாராத விஷயம் ஒன்று: குழாயை ஃபில்டரோடு இறுக்கிப் பொருத்தியபோது வேகத்தில் எஞ்சின் வெட்டியது. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணத்தின் காற்றுத் துளைக்குக் கிடைப்பது பானட்டுக்குள் உள்ள அழுத்தம்தான், ஃபில்டர் பக்கம் மட்டும் அழுத்தம் ஏறினால் பெட்ரோல் வரத்து குறைந்து கலவை மெலிந்துவிடுகிறது. குழாய் வாயை இரண்டு விரல் தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. குளிர்ந்த காற்றுக்கு ஏற்ப இரண்டு ஜெட் நட்டையும் (பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் அறுகோண நட்) ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, கீழே இறக்கிப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினேன், ஸ்பார்க் பிளக் இப்போது நல்ல பழுப்பு நிறம், கலவை சரி என்று அர்த்தம்.