புதுப்பிப்பு: ஸ்கோப் மேல் தப்பில்லை

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டியபின் 10 மீட்டரில் பெல்லட் (சிறு ஈயக்குண்டு) கண்டபடி சிதறுகிறது, ஸ்கோப்பை மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்றச் சொன்னீர்கள். நல்லவேளை, காசில்லை.

மதுரையில் நான் பழகும் ரேஞ்சில் ஓர் அண்ணன், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்ட்டைத் தொட்டதுமே சிரித்துவிட்டார். திருகாணி தளர்ந்து, மவுண்ட்டே பின்னால் நகர்ந்திருந்தது. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னே உதைக்கும். காற்றை அழுத்த உள்ளே பாயும் பிஸ்டன் முட்டியதும் முன்னே இழுக்கும். இந்த இரட்டை உதைக்குச் சாதாரண மவுண்ட் தாங்காதாம். நகராமல் தடுக்கும் ஊசி (ஸ்டாப் பின்) உள்ள மவுண்ட்டாக மாற்றினேன். இப்போது ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்!

அப்புறம், போட்டிக்கும் இதே ஸ்கோப்பா என்று கேட்டவருக்கு: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியில்லை, சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்தான். இலக்கின் நடுவே பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டமோ வெறும் 0.5 மி.மீ.