காற்றுத் தூசி அளக்கும் கருவி ஒரு மாதத்துக்கு இரவல் கிடைக்குமா?

சேலம் நண்பர்களுக்கு வணக்கம். ஓமலூர் சாலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். காலையில் துடைத்த பெஞ்சில் மதியத்துக்குள் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. இழுப்பு உள்ள பிள்ளைகள் அடிக்கடி வருவதில்லை. விடுப்புக் கடிதத்தில் மட்டும் ‘காய்ச்சல்’ என்றே இருக்கும் (அப்படி எழுதினால்தான் டீச்சர் நம்புவாராம்!).

கண்ணில் படும் புழுதியைவிட, நுரையீரலின் ஆழம்வரை இறங்கும் பிஎம் 2.5 துகள்தான் (2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ விட்டமுள்ள நுண்துகள்) என் கவலை. ஒரு நாள் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. எங்கள் வகுப்பறையில் எவ்வளவு? அளந்து, வருகைப் பதிவேட்டோடு தேதிவாரியாக ஒப்பிட வேண்டும். கையடக்கக் கருவி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பீரோவுக்கு மேலே வைப்பேன்.