கறுப்புப் பெட்டி இல்லாத பயிற்சி விமானம் விழுந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தெகிவளைவாசி:
2023 ஆகஸ்ட் 7ஆம் திகதி திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் பிடி-6 பயிற்சி விமானம் ஒன்று மேலெழும்பிய சில நிமிடத்தில் விழுந்து, இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். 2020 டிசம்பரில் கந்தளாய் பக்கம் விழுந்ததும் அதே ரகம். 2025 மார்ச்சில் வாரியபொலவில் விழுந்த கே-8 ஜெட் பயிற்சி விமானத்தில் இருவரும் ஆசனத்தோடு வெளியேறித் தப்பினார்கள், அவர்களிடமே கேட்டுவிடலாம். ஆள் இல்லை, பதிவுக் கருவியும் இல்லை என்றால் நொறுங்கின தகரத்தை வைத்து என்ன சொல்ல முடியும்? வீட்டில் எல்லாரும் "பழைய பிளேன், வேறென்ன" என்று கதையை முடிக்கிறார்கள்.

சுத்தியல்:
நிறையச் சொல்லலாம். முதலில் நாலு மூலையைத் தேடுவார்கள்: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனி. நாலும் ஒரே இடத்தில் கிடந்தால் விமானம் முழுசாகத்தான் தரைக்கு வந்தது. ஒரு நுனி ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கிடந்தால் வானத்திலேயே உடைந்திருக்கிறது, விசாரணை வேறு பக்கம் திரும்பும்.

அடுத்தது புரொப்பெல்லர். எஞ்சின் முழு வலுவில் இருக்கும்போது மோதினால் அலகுகள் நெளிந்து, நுனி முன்பக்கம் சுருண்டு, குறுக்கே கீறல் விழுந்திருக்கும். நின்றுபோயிருந்தால் பெரும்பாலும் ஒரு அலகு பின்னால் மடங்கும், மற்றது நேராகவே நிற்கும். மண்ணில் அலகு வெட்டின தடங்களையும் அளப்பார்கள். இரண்டு அலகு, நிமிடத்துக்கு 1800 சுற்று, வெட்டுக்கு வெட்டு 70 சென்ரிமீற்றர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருக்கிறது.

எச்சரிக்கை பல்பையும் எறிய மாட்டார்கள். எரிந்துகொண்டிருக்கும்போது அடி விழுந்தால் சூடான இழை இழுபட்டு நீளும், அணைந்திருந்தால் நீளாமல் ஒடியும். (எல்இடி வந்து இந்த வித்தையைக் கெடுத்துவிட்டது.) எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில் லீவர் இருந்த இடத்தை மட்டும் தனியாக நம்பாதீர்கள். விமானத்தின் உடம்புப் பகுதி கிழியும்போது கேபிள் இழுபட்டு லீவர் நகர்ந்துவிடும்.

ஒன்பது சிலிண்டர்:
சீனக்குடா விசாரணையைப் பற்றி நான் பேச வரவில்லை. அந்த ரகத்தில் பொதுவாகப் பார்க்கவேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். பிடி-6இல் இருப்பது 285 குதிரைவலு நட்சத்திர எஞ்சின், சிலிண்டர்கள் நடுவைச் சுற்றி வட்டமாக நிற்கும். நிறுத்தி வைத்தால் ஒயில் மெல்ல வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அதனால் ஸ்டார்ட் பண்ண முதல், சுவிட்ச் ஓஃப் என்பதை உறுதிசெய்து, புரொப்பெல்லரைக் கையால் சுற்றவேண்டும். இறுகினால் கீழ்ப் பிளக்குகளைக் கழற்றி ஒயிலை வடிக்கவேண்டும். சோம்பல்பட்டுப் பின்பக்கம் சுற்றினால் ஒயில் உள்ளிழுக்கும் குழாய்க்குள் போய் நிற்கும், ஸ்டார்ட் பண்ணினதும் திரும்பி வரும். ஒயில் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்தான் வளையும். கெட்ட நேரத்துக்கு அது அன்றைக்கே உடையாது, பல மணிநேரம் பறந்த பிறகு ஒருநாள் மேலே வைத்து உடையும்.

மேகக்கூட்டம்:
"பழசு" என்ற விடையை நானும் ஏற்கமாட்டேன். மேற்கு ஜெர்மனி எஃப்-104 போர்விமானத்தைப் புதிதாகவே வாங்கியது. 916இல் 292 போயின, 116 விமானிகள் இறந்தார்கள். 2021 டிசம்பர் 8இல் குன்னூரில் விழுந்த எம்ஐ-17வி5 பழைய ஹெலி இல்லை. திடீரென்று மேகத்துக்குள் போய்த் திசையுணர்வு தவறி மலையில் மோதியது, இயந்திரக் கோளாறு இல்லை என்றது விசாரணை. 2011 மார்ச் 1இல் எங்கள் கிபிர் போர்விமானங்கள் இரண்டும் ஒத்திகையில் ஒன்றோடொன்று மோதித்தான் விழுந்தன.

மேலெழும்பும்போது எஞ்சின் நின்றால் கொல்வது பெரும்பாலும் திரும்பி வரும் ஆசைதான். 45 பாகை சரித்துத் திருப்பினால் ஸ்டோல் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்கிற வேகம், 19 வீதம் கூடும், 60 பாகையில் 41 வீதம். உயரமும் இல்லை, வேகமும் இல்லை. உள்பக்க இறக்கை விழுந்து சுழன்றுவிடும். நேரே முன்னால் கிடைக்கும் வயலில் இறக்கு என்று படிப்பிப்பது இதனால்தான்.

தெகிவளைவாசி:
நன்றி அண்ணாமார். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால்? விமானம் எரிந்துபோனால் அதுவும் போய்விடுமே.

சுத்தியல்:
விமானத்தில் இருந்தது எரியும். நிரப்பின பவுசர் எரியாது தம்பி. விபத்துச் செய்தி வந்ததும் பவுசரைப் பூட்டி மாதிரி எடுப்பார்கள், அதே பவுசரில் நிரப்பின மற்ற விமானங்களையும் நிறுத்தித் தாங்கியின் அடியில் வடித்துப் பார்ப்பார்கள்.