கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் இனிப்பு உப்பு பிஸ்கட்: வீட்டில் சுட்டவர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

டிசம்பர் பிறந்ததும் எங்கள் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும். பாடகர் குழு தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். அதற்குள் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு கேக்கும் கல்கல்லும் அச்சுமுறுக்கும் தின்று திகட்டிப்போயிருப்பார்கள். நான் தட்டை நீட்டினால் கேக் அப்படியே இருக்கும், மிக்சர் மட்டும் காலியாகும். பாடிப் பாடி வறண்ட தொண்டைக்கு மிக்சரின் காரம் ஆகாது. இனிப்பும் வேண்டும், உப்பும் வேண்டும், சுக்குக்காப்பியில் முக்கித் தின்னவும் தோதாக இருக்க வேண்டும் என்று யோசித்தபோது டீக்கடைக் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும் அந்தச் சாய்சதுர பிஸ்கட் நினைவுக்கு வந்தது. முதல் கடியில் உப்பும் மெல்ல மெல்ல இனிப்புமாக வருமே, அதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் தட்டில் அதற்கு நிரந்தர இடம்.

முட்டை சேராதது என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்போது விரதம். கேக்கில் முட்டை இருக்கிறதே என்று தயங்கித் தயங்கித் தட்டைக் கொடுக்க வேண்டியிருந்த வீடுகளுக்கு, இப்போது இந்த பிஸ்கட்டைத் தைரியமாகக் கொண்டுபோகிறேன். தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் தட்டு வெறுமனே திரும்பாது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், பொடித்த சீனி 80 கிராம், தூள் உப்பு 4 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், பால் ஒரு மேசைக்கரண்டி. சாய்சதுரமாகச் சின்னதாக வெட்டினால் ஏறக்குறைய 40 பிஸ்கட் வரும். டீக்கடைச் சுவைதான் வேண்டும் என்றால் சீனியை 60 கிராமாகக் குறைத்து உப்பை 5 கிராமாக ஏற்றுங்கள். உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 5, 6 கிராம் நிற்கும். அதே கரண்டியில் இடித்த கல் உப்பை அள்ளினால் எடை வேறாக இருக்கும். சின்ன எடைக் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இந்த வேலைக்கு அவசியம் என்பேன்.

கடையில் கிடைக்கும் வெண்ணெயில் பெரும்பாலானது உப்பு சேர்த்தது. அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கும். அப்படியானால் 150 கிராம் வெண்ணெயிலேயே 3 கிராம் வந்துவிடுகிறது. மேற்கொண்டு 1 கிராம் போட்டால் போதும். அட்டையில் சோடியம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

இனி உப்பு எங்கே கரைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு இதில்தான் மனம் முழுக்க. உப்பு கொழுப்பில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு தண்ணீர் உண்டு. அதனால் வெண்ணெயோடு உப்பைச் சேர்த்து நன்றாகக் குழைத்தால் அந்த ஈரத்தில் கரைந்து மாவு முழுக்கச் சீராகப் பரவும். நெய்யில் தண்ணீரே கிடையாது. நெய் பிஸ்கட்டிலும் நான்கட்டாயிலும் உப்பை அப்படியே போட்டால் அது உப்பாகவே கிடக்கும், ஒரு கடி சப்பென்று இருக்கும், அடுத்த கடி கரிக்கும். நெய்யில் செய்கிறவர்கள் உப்பை ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் கரைத்து ஊற்றுங்கள். இல்லையென்றால் சீனியோடு சேர்த்து மிக்சியில் மாவாக அரைத்துவிடுங்கள். சீனியைப் பொடித்துப் போடச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

உள்ளே கரைந்த உப்பு தனியாகத் தெரியாது, இனிப்பைத் தூக்கிக் காட்டும். மேலே தூவிய உப்பு தன் சுவையோடு நாக்கில் நேரே படும். இரண்டும் வேண்டுமானால் உள்ளே போடுவதை 2 கிராமாகக் குறைத்துக்கொண்டு, கல் உப்பை ரவைப் பதத்துக்கு இடித்து, ஓவனில் வைக்கும் முன் ஒவ்வொரு பிஸ்கட்டின் மேலும் நாலைந்து பரல் மட்டும் தூவி விரலால் லேசாக அமுக்கிவிடுங்கள். அமுக்காவிட்டால் ஆறியதும் உதிர்ந்துவிடும்.

சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டால் இந்த உப்பின் அருமை இன்னும் புரியும். கருப்பட்டிக்கு அடியில் ஒரு மெல்லிய கசப்பு உண்டு. உப்பு அந்தக் கசப்பை அடக்கிவிடும், மணம் மட்டும் மேலே நிற்கும். 100 கிராம் கருப்பட்டியை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். திரும்பக் கெட்டியாகும்வரை காய்ச்சி, முழுக்க ஆறவிட்டு வெண்ணெயோடு குழையுங்கள். பால் வேண்டாம். இந்த மாவு கொஞ்சம் ஒட்டும், அதனால் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருக்கட்டும். சீக்கிரம் கருகக்கூடியதும்கூட. 160 டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

சீனி மாவுக்கு அரை மணி நேரக் குளிர் போதும். எங்கள் ஊரில் டிசம்பர் பகலிலும் அடுப்பங்கரை சூடாகத்தான் இருக்கிறது. வெண்ணெய் இளகிய மாவை அப்படியே சுட்டால் பரந்து தட்டையாகிவிடும். அரை செ.மீ.க்குச் சற்று கூடுதலான கனத்தில் விரித்து, வெட்டி, 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆற முறுகும். ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துவிடும். கம்பித் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

அக்கா, எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்துதான் முக்கியம், அதோடு நான்கட்டாயும் சுடுவோம். அதைப் பழைய அலுமினிய குக்கரில்தான் அம்மா சுடுவார். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் நெய் தடவிய தட்டு. மூடி வைத்து, பத்து நிமிடம் வெறுமனே சூடேற்றிவிட்டு அப்புறம்தான் உருண்டைகளை வைப்பார். தீ சிம்முக்குச் சற்று மேலே. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அடிப்பக்கம்தான் முதலில் சிவக்கும், மேல்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். அதனால் வெந்துவிட்டதா என்று அடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த உப்பைத் தூக்கிப் போடுவதில்லை. ஆறியதும் ஒரு பழைய டின்னில் கொட்டி வைத்து வருஷா வருஷம் அதையே எடுக்கிறோம். பழுப்பேறிப்போன அது சமையலுக்கு ஆகாது, சுடுவதற்கு மட்டும்தான். தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் சூட்டில் உப்பு வெடித்துத் தெறிக்கும், தட்டிலும் வந்து விழும்.

நீங்கள் சொன்னபடி போன வாரம் உப்பைப் பாலில் கரைத்து நான்கட்டாயில் ஊற்றினேன். எங்கள் அண்ணி மைதாவில் பாதியைக் குறைத்துக் கடலை மாவு சேர்ப்பார். வறுத்த கடலை மாவு வாசத்துக்கும் உப்புக்கும் அத்தனை பொருத்தம்! ஏலக்காயைக் குறைத்துக் கொஞ்சம் மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டோம். அப்பா இனிப்பையே தொடமாட்டார். அவர் டீயோடு கேட்டு வாங்கித் தின்றார்.

தூத்துக்குடியிலிருந்து

அப்பா பேக்கரியில் மக்ரூன் அடிக்கிற வேலை பார்த்தவர். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம்ம ஊர் மக்ரூனில் முந்திரி, முட்டையின் வெள்ளை, சீனி, இந்த மூன்றுதான். மாவும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளியூருக்குப் பெட்டி பெட்டியாகப் போகும். இப்போது வீட்டில் செய்கிறவர்கள் சிலர் அதிலும் உப்பு போடலாமா என்று கேட்கிறார்கள். என் கருத்தில் வேண்டாம். முட்டை வெள்ளையை அடிக்கும்போது உப்பு சேர்த்தால் நுரை எழும்ப நேரமாகும், எழும்பினாலும் உறுதியாக நிற்காது. மக்ரூனுக்கு நுரைதான் உயிர். உப்புச் சுவை வேண்டுமென்றால் முந்திரியில் கால்வாசியை வறுத்து லேசாக உப்புப் பிசறி, ஆறவிட்டு உடைத்து, பிழிந்து வைத்த மக்ரூன் மேலே ஒட்டிவிடலாம். நான் என் பேத்திக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். வீட்டு ஓவனில் 110 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிதானமாகக் காய வேண்டும், நிறம் மாறக் கூடாது.

பாளையங்கோட்டைத் தங்கச்சி பிஸ்கட்டின் மேலே உப்பு தூவச் சொல்லியிருக்கிறது. உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவன் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத உப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னாலேயே கசியும். வடகிழக்குப் பருவமழை ஓயாத டிசம்பரில் கடற்கரை ஊர்களில் இது தினசரி நடக்கிற காரியம். அந்த மாதங்களில் உப்பளத்தில் உற்பத்தியே நின்றுவிடுகிறதே. ஆக, மேலே உப்பு தூவிய பிஸ்கட்தான் முதலில் நமுத்துப்போகும், பக்கத்தில் இருப்பதையும் நமுக்கவைக்கும். அதற்கு டப்பா தனி, தூவாததற்கு டப்பா தனி. மக்ரூனை இரண்டோடும் சேர்க்கவே கூடாது. தூவுவதற்குக் கடையில் விற்கும் அயோடின் கலந்த கல் உப்பையே வாங்கி, வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, ஆறியபின் இடியுங்கள்.

நமுத்தால் கவலைப்பட வேண்டாம். 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் பிஸ்கட் திரும்ப முறுகிவிடும்.

சென்னையிலிருந்து

எங்கள் வீட்டில் ஓமம் போட்டுச் செய்தோம், கால் டீஸ்பூன் கசக்கிப் போட்டால் போதும். பிள்ளைகளுக்கு நட்சத்திர அச்சு கிடைத்துவிட்டால் வேறு எதுவும் வேண்டாம். அச்சை ஒவ்வொரு தடவையும் மைதாவில் தொட்டுக்கொண்டால் முனை பிய்யாமல் வருகிறது. வெட்டியபின் தட்டோடு ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துவிட்டுச் சுட்டால் நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருக்கிறது.

ஒரு சந்தேகம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று அவரை மட்டும் விலக்கிவைக்க மனசு வரவில்லை. எத்தனை கொடுக்கலாம்?

மறுபடியும் பாளையங்கோட்டையிலிருந்து

தூத்துக்குடி அண்ணாச்சி, அந்த 75 சதவீதக் கணக்குக்கு ரொம்ப நன்றி. எங்கள் வீட்டில் மழை பெய்கிற நாட்களில் மட்டும் மேல் உப்பு கசிவதற்குக் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. இந்த வருஷம் கருப்பட்டி பிஸ்கட்டுக்கு மட்டும் மேலே தூவி, அதையும் 24ஆம் தேதி சாயங்காலம்தான் சுடப்போகிறேன்.

சென்னைத் தங்கச்சிக்கு: 4 கிராம் உப்பு 40 பிஸ்கட்டில் பரவுகிறது. அப்படியானால் ஒன்றில் 0.1 கிராம். ஒருவர் ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு பிஸ்கட்டால் அந்தக் கணக்கு பெரிதாக ஏறாது. அன்றைக்கு ஊறுகாய், அப்பளம், மிக்சர் மூன்றையும் அப்பா பக்கம் வைக்காதீர்கள், உப்பு அதில்தான் அதிகம் போகிறது. ஆனாலும் அவருக்கு டாக்டர் தனியாக அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. அவருக்கென்று செய்வதில் உள்ளே உப்பே போடாமல், மேலே மட்டும் இரண்டு பரல் வைத்துப் பாருங்கள். நாக்கில் நேரே படுவதால் குறைந்த உப்பிலேயே உப்புச் சுவை கிடைத்துவிடும்.

இன்னொன்று கேட்டிருந்தார்கள், மாவை முன்கூட்டியே செய்து வைக்கலாமா என்று. தாராளமாக வைக்கலாம். உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம்வரை தாங்கும். சுடுகிற அன்று பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கத்தியால் வில்லை வில்லையாக வெட்டி நேரே ஓவனுக்கு. வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். கருப்பட்டி மாவு ஃப்ரீசரிலும் முழுக்க இறுகாது, அதை மட்டும் எடுத்த உடனே வெட்டிவிடுங்கள்.