சீற் ஹீற்றர் பிறகு பூட்டின கார்கள்: கழட்டிப் பார்த்ததைச் சொல்லுங்கோ

ஸ்காபரோ வயர்காரன்:
போன வின்ரர் வேலைக்கு வந்த ஒரு கார் இன்னும் மனசை விட்டுப் போகேல்லை. வெளியில வாங்கின கார்பன் பாட், அதாவது கவருக்குக் கீழ ஒட்டுற சூடாக்கிற விரிப்பு, ரெண்டு முன் சீற்றுக்கும் பூட்டியிருக்கு. சூடு நல்லா வருது, கவரில ஒரு சுருக்கமில்லை. ஆனால் பக்கத்துச் சீற்றில வளர்ந்த ஒரு மனுசி பெல்ற்றும் போட்டு இருக்கிறா. டாஷில "பயணி எயர்பாக் ஓஃப்" எண்ட மஞ்சள் லைற் அப்பிடியே எரியுது. அந்தக் கார் அவவை ஒரு ஆளாவே கணக்கெடுக்கேல்லை.

கவரை நீக்கினதும் காரணம் தெரிஞ்சுது. அந்தச் சீற்றில ஆள் அறியிற சென்சர், கவருக்கும் ஸ்பொஞ்சுக்கும் இடையில விரிச்சிருக்கிற மெல்லிய விரிப்பு வகை. உடம்பின்ர மின்தேக்கத்தை (மின்சாரத்தைத் தேக்கிற தன்மையை) வைச்சு வேலை செய்யிற சாமான். அதுக்கு மேல பாட்டை ஒட்டினால் பாட்டில ஓடுற செப்புப் பட்டை நடுவில ஒரு மறைப்பு மாதிரி நிண்டிடும். பாட்டை எடுத்து, வெறும் சீற்றில, காரின்ர கம்பியூட்டரோட பேசுற ஸ்கான் கருவியால சென்சரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவ இருக்கேக்க லைற் அணைஞ்சுது.

கிற் வாங்க முந்தியே உங்கட பயணிச் சீற்றில என்ன வகை இருக்கெண்டு பாருங்கோ. சில கார்களில ஸ்பொஞ்சுக்குக் கீழ ஜெல் பை இருக்கும். பை, ஸ்பொஞ்ச், கம்பியூட்டர்ப் பெட்டி மூண்டும் ஒரே செற்றாக அளந்து வந்தவை, அந்த ஸ்பொஞ்சை வெட்டவோ மாத்தவோ கூடாது. சிலதில சீற்றின்ர கால்களில எடை சென்சர். அதில பாட் பெரிசா ஒண்டும் செய்யாது, ஆனால் போல்ற் கழட்டிப் பூட்டினால் பூச்சியம் திரும்பச் சரிபார்க்கோணும். பக்க எயர்பாக் உள்ள பழைய ஹொண்டாக்கள் சிலதில சாயிற பக்கத்திலயும் மின்தேக்கச் சென்சர் இருக்கு. விரிப்பு வகையெண்டால் பயணிச் சீற்றை விட்டிடுங்கோ. அல்லது கொம்பனியே ஹீற்றரோட செய்த முழு மெத்தையைப் பாகமா எடுத்துப் போடுங்கோ.

மார்க்கம் மணியம்:
வயர்காரன் அண்ணை சொன்னது சரி, ஆனால் சாரதிச் சீற்றில வாற பிழை வேற. திறந்த ஒரு சீற்றில வெள்ளை ஸ்பொஞ்சில இரண்டு டொலர்க் குத்தி அளவில ஒரு மண்ணிற வட்டம். தொட்டால் அந்த இடம் மட்டும் பிஸ்கற் மாதிரி நொறுங்குது. அதுக்கு மேல இருந்த பாட் ரெண்டாக மடிஞ்சு கிடந்தது.

அநேகமான சீற்றுகளில ஸ்பொஞ்சில குறுக்கால ஒரு பள்ளம் ஓடும். கவரில தைச்ச கம்பியை அந்தப் பள்ளத்துக்குள்ள ஹொக் றிங்கால (இடுக்கியால நெரிக்கிற கம்பி வளையம்) இழுத்துப் பிடிச்சிருப்பாங்கள். பாட்டைப் பள்ளத்துக்கு மேலால சும்மா விரிச்சுப் போட்டுக் கவரை இழுத்தால், பாட்டும் சேர்ந்து உள்ளுக்க போய் மடியும். மடிஞ்ச இடத்தில ரெண்டு பங்கு சூடு, ஆனால் சூடு கூடினால் மின்சாரத்தை வெட்டுற தேர்மோஸ்ராற் இருக்கிறது பாட்டின்ர நடுவில. அதுக்கு அந்த மடிப்பு தெரியவே தெரியாது, மின்சாரத்தை வெட்டாது.

கார்பன் பாட்டெண்டால் பள்ளம் வாற இடத்தில றிங் போக ஒரு ஜன்னல் வெட்டலாம். ரெண்டு கரையிலயும் ஓடுற செப்புப் பட்டையை மட்டும் தொடக்கூடாது. நீளம் கூடவெண்டால் வயர் வராத முனையில குறுக்கலாம். கம்பி வகைப் பாட்டில ஒரு கம்பி அறுந்தாலும் முழுப் பாட்டும் செத்துப் போகும், அதில வளையங்களுக்கு இடையில வாற துணியை மட்டும் கீறுங்கோ. ஒட்டினதுக்குப் பிறகு சீற்றில முழங்கால் ஊண்டி ஏறவும் கூடாது.

றிங்கை மறுபடி பாவிக்காதேங்கோ, வெட்டி எறிஞ்சு புதுசு போடுங்கோ. ஒரு சீற்றுக்கு இருபது, இருபத்தைஞ்சு வாங்கி வைச்சால் காணும். பிளாஸ்ரிக் கேபிள் ரை போடுற ஆக்கள் இருக்கினம். மைனஸ் முப்பதில அது வெடிச்சால் கவர் மேல எழும்பி, பாட் சுருளத் தொடங்கும்.

கால்கரி சரவணன்:
மணியம் அண்ணா, ரை விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். ஜன்னலோரம் காயுற சல்லிசு ரை வெடிக்கும், உண்மை. கவருக்கு அடியில வெயிலே படாது. 4.8 மில்லிமீட்டர் அகலம், குளிர் தாங்குற நைலான்னு பாக்கெட்டுல போட்டிருக்கிறதை வாங்கி, தலையைப் பள்ளத்துக்கு உள்பக்கமா திருப்பி இறுக்கினா நிக்குது. ரிங் இடுக்கி வாங்கக் காசில்லாதவங்க செய்யக்கூடிய வேலைதான்.

எனக்கு உறுத்துறது வயரிங். ஒரு கார்ல ரெண்டு சீட்டோட சிவப்பு வயரும் ஒரே ஃபியூஸ் டேப்ல (ஃபியூஸ் ஓட்டையில குத்தி மின்சாரம் பிரிச்சு எடுக்கிற கிளை), சிகரெட் லைட்டரோட ஃபியூஸ் ஓட்டையில குத்தியிருந்தது. பத்து ஆம்ப் ஃபியூஸ் ரெண்டு தடவை போயிருக்கு, அதனால இருபத்தஞ்சு போட்டுட்டாங்க. டேப்பைப் பிடுங்கினா கருப்பு பிளாஸ்டிக் காபிப் பொடி நிறத்துக்கு வெந்து, ஃபியூஸோட காலோட ஒட்டிக்கிட்டே வருது. அந்த ஓட்டைக்குப் பின்னாடி போற வயர் பத்து ஆம்புக்குத்தான் போட்டது. ஃபியூஸ் காப்பாத்த வேண்டிய வயரே ஃபியூஸா மாறிடுச்சு.

கணக்கு சின்னதுதான். பாட் ஒண்ணுக்கு 5.5 ஓம்னு வைங்க. உட்காருற பாட்டும் முதுகுப் பாட்டும் பேரலல்ல (பக்கம் பக்கமா) 2.75 ஓம். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட், அப்போ சீட்டுக்கு 5 ஆம்ப், கிட்டத்தட்ட 70 வாட். ரெண்டு சீட்டுக்கு 10 ஆம்ப். பத்து ஆம்ப் ஃபியூஸ்ல ஏன் போச்சுன்னு இப்பத் தெரியும். பல கிட்ல "லோ"ன்னா அதே ரெண்டு பாட்டையும் சீரீஸ்ல (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா) போடுறதுதான்: 11 ஓம், 1.25 ஆம்ப், கால் பங்கு சூடு.

சரியான வழி: பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்ப் ஃபியூஸ், அங்கிருந்து 14 கேஜ் வயர், ரிலேயோட (சின்ன மின்சாரத்தால பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுற சுவிட்ச்) 30-ம் நம்பர் காலுக்கு. 87-ல இருந்து ரெண்டு சீட்டுக்கும் தனித்தனி 7.5 ஆம்ப் ஃபியூஸ். 85 கிரவுண்ட். 86-க்கு மட்டும் சாவி திருப்பினா வர்ற மின்சாரம், அதுக்குத்தான் ஃபியூஸ் டேப். ரிலே காயில் சாப்பிடுறது கால் ஆம்புக்கும் கீழே. டேப்பை மாத்திக் குத்தினா புதுச் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாவே போகும். பழைய ஃபியூஸை எடுத்துட்டு ஓட்டையோட ரெண்டு காலையும் மீட்டர்ல தொட்டு, மின்சாரம் வர்ற பக்கம் எதுன்னு பாருங்க.

சாவி இல்லாம எப்பவும் உயிரோட இருக்கிற லைன்ல நேரா போட்டா, "லோ"ல மறந்தாக்கூட, எஞ்சின் நின்ன 12 வோல்ட்ல ரெண்டு சீட்டும் சேர்ந்து 2.2 ஆம்ப், பத்து மணி நேரத்துல 22 ஆம்ப்-அவர். இங்க குளிர்ல 60 ஆம்ப்-அவர் பேட்டரி கிட்டத்தட்ட பாதிதான் தரும். காலையில ஸ்டார்ட்டர் கிளிக்கோட நின்னுடும்.

பிரம்ரன் நேர்ஸ்:
நான் பார்த்தது காரில்லை, தோல். நீரிழிவு உள்ள ஒரு வயதான ஐயா, தொடையின் பின்பக்கம் வலை விரித்த மாதிரி மண்ணிறக் கோடுகள். நோவே இல்லை என்றார். தினமும் நீண்ட ஓட்டம், சீற் ஹீற்றர் எப்போதும் "ஹை"யில்.

44 டிகிரிச் சூடு கையால் தொட்டால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அதே இடத்தில் ஆறு மணி நேரம் பட்டுக்கொண்டிருந்தால் தோல் புண்ணாகும்; சூடு கூடக்கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். உணர்ச்சி உள்ளவர் கொஞ்சம் அசைந்து இருப்பார், அல்லது சுவிச்சை அணைப்பார். நீரிழிவால் நரம்பு மரத்தவர்களுக்கும், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் அந்த எச்சரிக்கை வராது. ஆகையால் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தானாக நிற்கும் ரைமர் உள்ள கிற்றையே வாங்குங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் "லோ"வுக்கு இறங்குவது இன்னும் நல்லது. பூட்டி முடித்ததும் சமையல் தேர்மோமீற்றரின் முனையைக் கவருக்கு மேல் வைத்து, அதன் மேல் மடித்த கம்பளியும் ஒரு அரிசி மூட்டையும் வைத்து, "ஹை"யில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். வெறும் சீற்றில் அளப்பதற்கும் ஆள் இருக்கும்போது அளப்பதற்கும் நிறைய வித்தியாசம். ஆள் இருந்தால் சூடு வெளியே போக வழியில்லை. 40-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் "ஹை" வயரைப் பிரித்துவிட்டு "லோ" மட்டும் வைத்திருங்கள். பின்பொக்கற்றில் ஃபோன் வைத்துக்கொண்டு இருப்பதும், மேலே தடித்த சீற் கவர் போடுவதும் வேண்டாம். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் பாவியுங்கள்.

மொன்றியல் தம்பி:
சரவணன் அண்ணா, உங்கட வயரிங் படம் சரி, ஆனால் சீற்றுக்குக் கீழ வாற பிளக்கைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. இங்க செத்த கிற் கனக்க அங்கதான் சாகுது. ஒருக்கா கார்பற்றைத் தூக்கினால் சப்பாத்தில வந்த உப்புத் தண்ணி குளமா நிக்குது. நடுவில வெள்ளைப் பிளக், பின்னெல்லாம் பச்சைப் பூஞ்சணம். ஒரு பின்னை விரலால தட்ட, அது உடைஞ்சு விழுந்தது.

வயரைக் கடிச்சுப் பிடிக்கிற நீலக் கிளிப் போடாதேங்கோ, வெட்டின இடத்தால உப்பு உள்ளுக்க போகும். பசையுள்ள சுருங்கு குழாயோட கிறிம்ப் பண்ணுங்கோ (இடுக்கியால நெரிச்சு இணையுங்கோ). பிளக்கில டைஎலெக்ற்றிக் கிறீஸ் (மின்சாரம் கடத்தாத கிறீஸ்) பூசி, தரையில விடாமல் சீற்றின்ர சட்டத்தில கட்டுங்கோ. சீற் முன்னுக்குப் பின்னுக்குப் போக வயரில ஒரு வளையம் விடோணும், தண்டவாளத்தில நெரிபடாமல் பார்த்து. கிரவுண்டைப் பெயின்ற் அடிச்ச சீற் போல்ற்றில கொடுக்காதேங்கோ, கார் கொம்பனி விட்ட கிரவுண்ட் புள்ளி கார்பற்றுக்குக் கீழ அநேகமா ஒண்டு இருக்கும்.

ஸ்காபரோ வயர்காரன்:
மணியம், சரவணன், றிங்கோ ரையோ, கவரை மூட முந்திச் சோதிக்காட்டி ரெண்டும் ஒண்டுதான். பாட்டை ஒட்டினதும் மீற்றரை வையுங்கோ. நாலு பாட்டும் ஒரே மாதிரி ஓம் காட்டோணும். ஒண்டு விலகினால் அதைத் திருப்பி அனுப்புங்கோ. பிறகு பத்து நிமிசம் பற்றரியில ஓடவிட்டு, உள்ளங்கையால முழுப் பாட்டையும் தடவிப் பாருங்கோ. ஒரு இடம் சுட்டு மற்ற இடம் குளிர்ந்தால் எங்கையோ மடிஞ்சிருக்கு. பிறகு கவர்.

சீற்றை எப்பிடிக் கழட்டுறதெண்டு ஒராள் தனியக் கேட்டதுக்கு: சீற்றைக் கழட்ட முந்திப் பற்றரி இருக்கேக்கையே முன்னுக்குத் தள்ளிப் பின் போல்ற், பின்னுக்குத் தள்ளி முன் போல்ற் நாலையும் இளக்கி வையுங்கோ. மின் சீற்றெண்டால் பற்றரி கழட்டின பிறகு அது அசையாது. மைனஸைக் கழட்டி, உங்கட கார்ப் புத்தகம் சொல்லுற நேரம் காத்திருந்து பிறகுதான் மஞ்சள் பிளக்கைத் தொடுங்கோ, அது எயர்பாக். சீற் வெளியில இருக்கேக்க சாவியைத் திருப்பவே கூடாது, எயர்பாக் லைற் எரிஞ்சு கோட் பதிஞ்சிடும். முதுகுப் பக்கத்தில பாட் நடுவில மட்டும். வெளிக் கரையில பக்க எயர்பாக் கிழிச்சுக்கொண்டு வாற தையல் இருக்கு, அதுக்கு மேலால பாட்டோ ஒட்டுற ரேப்போ போகக்கூடாது, அந்தத் தையல் பிரிஞ்சால் வீட்டு நூலால தைக்கவும் கூடாது. குளிரில வினைல் வெடிக்கும், சூடுள்ள கராஜில ஒரு இரவு சீற்றை வைச்சிட்டு அடுத்த நாள் கவரில கை வையுங்கோ.